லெகிங்ஸுக்குச் சாயம்: அடுப்பா, வெயில் தண்ணீரா, கடையா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பச்சைத் துணி தேடும் படலம் தொடங்கிவிடும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் வருஷா வருஷம் நானும் நாத்தனார் மகளும் உண்டு. மேலே போடும் டாப்புக்குப் பஞ்சமில்லை. கீழே போட லெகிங்ஸ்தான் சிக்கல். நாள் கணக்கில் நடக்கிறவளுக்குத் தொடை உரசாமல் இருக்க அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் பீரோவில் கிடப்பதெல்லாம் வெளுத்துப்போன மஞ்சள், அழுக்கேறிய வெள்ளை, யாரோ கொடுத்த ரோஸ். ஏழு லெகிங்ஸ், ஒரு உடற்பயிற்சி பேன்ட், இரண்டு டி-ஷர்ட். கிழியவில்லை, நைந்தும் போகவில்லை. தூக்கிப் போட மனசு வராது.

“சாயம் முக்கிட்டாப் போச்சு” என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அப்பத்தாதான் நிறுத்தினார்கள். “சேலைன்னா முக்கலாம் ஆத்தா. இது ரப்பர் மாதிரி இழுபடுதே, இதுல சாயம் நிக்குமா?”

சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் நான் முதல் வருஷம் இரண்டு லெகிங்ஸைக் கெடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிட்டேன்.

இழுபடுவதற்குக் காரணம் ஸ்பான்டெக்ஸ். எலாஸ்டேன் என்றும் லேபிளில் போட்டிருக்கும். லைக்ரா என்பது அதே சரக்கின் ஒரு வணிகப் பெயர். 1958இல் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் ரப்பருக்கு மாற்றாகக் கண்டுபிடித்த இழை. பாலியூரித்தேன் வகை. தன் நீளத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் லெகிங்ஸில் அது நூற்றுக்கு 5 பங்கோ என்னவோதான். மீதி 95 பருத்தி அல்லது மரக்கூழில் செய்யும் விஸ்கோஸ். ஆக, சாயம் பிடிப்பது அந்த 95. சாயம் போடும் விதத்தில் கெட்டுப்போவது இந்த 5. என்ன சாயம் என்பதைப் பெரும்பங்கு இழை முடிவு செய்யட்டும். எவ்வளவு சூடு என்பதைச் சிறுபங்கு இழையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரர் முதல் கேள்வியைக் கேட்பார், இரண்டாவதைக் கேட்க மாட்டார்.

அதனால் முதலில் லேபிள். உள்தையலில் சின்னதாக இருக்கும். அரிக்கிறது என்று வெட்டியிருந்தால், தையலோரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகிச் சுருண்டு கடைசியில் கெட்டியான மணி போல நின்றால் நைலானோ பாலியஸ்டரோ. என் ஏழில் ஆறு பருத்தியும் விஸ்கோஸும். ஒன்று பாலியஸ்டர். உடற்பயிற்சி பேன்ட் நைலானும் ஸ்பான்டெக்ஸும்.

இன்னொரு சோதனையையும் இப்போதே செய்துவிடுங்கள். முழங்கால் பகுதியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே வெள்ளையாக மினுமினுப்புத் தெரிந்தால், சாயம் போட்ட பிறகும் உட்காரும்போது அங்கே அது எட்டிப்பார்க்கும். பருத்திக்குப் போடும் சாயம் ஸ்பான்டெக்ஸில் ஏறாது. நல்ல துணியில் அது பருத்திக்குள் மறைந்திருக்கும். மட்டமான துணியில் மறையாது. அப்படிப்பட்டதை அடர்ந்த நிறத்துக்கு மாற்றி ஏமாற வேண்டாம்.

முதல் வருஷம் நான் போனது எல்லோரும் போகிற வழி: சாயப் பொட்டலம். மளிகைக் கடையிலும் தையல் சாமான் கடையிலும் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும் சாயத்தில் பெரும்பாலானவை கொதிநீர்ச் சாயம். துணியை உப்போடு சேர்த்து அடுப்பில் வேகவைக்கச் சொல்வார்கள். வேகவைத்தேன். நிறம் அருமையாக வந்தது, கிளி கெட்டது போங்கள். காய்ந்ததும் மாட்டிப் பார்த்தால் இடுப்பும் முட்டியும் தொளதொளவென்று நின்றன. துவைக்கும் தண்ணீரே 30, 40 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்று லேபிளில் போட்டிருக்கும் துணியை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் வேறு என்ன ஆகும்? ஆலையிலும் சூட்டில்தான் சாயம் போடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அது புதுத் துணி. இழுவை நிலைப்படுத்தப்பட்டு, சூடும் நிமிஷமும் அளந்து நடக்கிற வேலை. நம்முடையது இரண்டு வருஷம் உடுத்தி ஏற்கெனவே தளர்ந்தது.

அதைவிடப் பெரிய குறை நடையில் தெரிந்தது. இந்தச் சாயம் இழையின்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதே தவிர, அதோடு பிணைவதில்லை. ஒவ்வொரு துவைப்புக்கும் கொஞ்சம் இறங்கும். வியர்வைக்கும் இறங்கும். பாதி வழியில் கால் இரண்டும் வாழைத்தண்டு நிறத்தில் இருந்தது. இரவு தங்கிய இடத்தில் பக்கத்தில் காயப்போட்ட அண்ணன் ஒருவரின் வெள்ளை வேட்டியிலும் பச்சைக் கறை. அவர் சிரித்துக்கொண்டே “முருகன் நிறந்தானே ஆச்சி” என்றார். எனக்குத்தான் கூச்சம். வீட்டுக்குள் போட, ஒரே ஒரு முறை கல்யாண வீட்டுக்குப் போட என்றால் பொட்டலச் சாயம் போதும். அப்போதும் கொதிக்கவிடாதீர்கள். கை பொறுக்காத சூடு போதும், நிறம் கொஞ்சம் வெளிறி வரும், அவ்வளவுதான். வியர்த்து நடக்க வேண்டுமென்றால் அந்தப் பொட்டலத்தைத் தொட வேண்டாம்.

இரண்டாவது வழி, கடையில் கொடுப்பது. சலவைக் கடைகள் சிலவற்றில் சாயமும் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். சேலைக்கும் வேட்டிக்கும் கை தேர்ந்தவர்கள், பழுது சொல்ல முடியாது. ஆனால் என் லெகிங்ஸையும் அதே கொதிக்கும் அண்டாவில்தான் போட்டிருக்கிறார்கள். விளைவும் அதே. கொடுப்பதானால் “கொதிக்க வைக்காமல் போடுவீர்களா?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கண்டாங்கி நெசவுக்காரர்களிடம் போகலாமே என்று ஒருவர் சொன்னார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, காரைக்குடிக்குப் பெருமை. ஆனால் அங்கே சாயம் ஏறுவது நூலில். தைத்த துணியை முக்குவது வேறு தொழில்.

மூன்றாவதுதான் நான் நின்ற இடம். குளிர்நீர்ச் சாயம். சாயக் கடைகளில் ரியாக்டிவ் சாயம் என்று கேட்க வேண்டும். அதிலும் ‘கோல்டு’ (குளிர்) வகை, ‘ஹாட்’ (சூடு) வகை என்று உண்டு. கோல்டுதான் நமக்கு. புரோசியான் என்ற பெயரில் 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கின் வழி வந்தது. இது பருத்தி இழையின்மேல் ஒட்டுவதில்லை. அதோடு ரசாயனப் பிணைப்புப் போட்டுக்கொள்கிறது. அந்தப் பிணைப்பு விழ அடுப்பு வேண்டாம், காரம் வேண்டும். அந்தக் காரம் சலவைச் சோடா. தண்ணீர் 30 முதல் 40 டிகிரி இருந்தால் நிறைவு.

காரைக்குடியில் 35 டிகிரித் தண்ணீருக்கு யாரும் விறகு தேட வேண்டியதில்லை. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டியைத் திறந்தால் அதைவிடச் சூடாகக் கொட்டும். மார்கழியில் மட்டும் பகல் பதினொரு மணிக்கு வாளியை வெயிலில் வைத்துவிட்டு, இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்குவேன். இதமாக இருக்கும். ஸ்பான்டெக்ஸுக்கும் அது ஒரு துவைப்பு மாதிரிதான், தளராது.

என் கணக்கு இது. மூன்று லெகிங்ஸ் ஏறக்குறைய அரைக் கிலோ. அதற்குப் பத்து லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ உப்பு, 100 கிராம் சோடா, நடுத்தர நிறத்துக்கு 10 முதல் 20 கிராம் சாயம். முதலில் துணியைச் சோப்பும் துளி சோடாவும் போட்டு அலசி, ஈரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும், துவைத்தபின் வாசனைக்கு ஊற்றும் திரவமும் ஒட்டியிருந்தால் அங்கே சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். சாயத்தை இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் குழைத்து, உப்புத் தண்ணீரில் ஊற்றி, துணியைப் போட்டு இருபது நிமிஷம் விடாமல் புரட்ட வேண்டும். பிறகு துணியை ஒதுக்கிவிட்டு, தனியாகக் கரைத்த சோடாவை ஊற்றி மறுபடி ஒரு மணி நேரம். சோடா விழுந்த நிமிஷம் முதல் சாயம் துணியோடும் பிணையும், தண்ணீரோடும் பிணைந்து வீணாகும். அதனால் மிச்சத் தண்ணீரை நாளைக்கு என்று எடுத்து வைக்கிற சிக்கனம் இதில் பலிக்காது.

சோடாவில் ஒரு குழப்பம் வரும். ஆப்ப சோடா வேறு, சலவைச் சோடா வேறு. ஆப்ப சோடா போட்டு ஏமாந்தவர்கள் உண்டு, காரம் போதாது. சலவைச் சோடாவிலும் பொடியாக உலர்ந்தது ஒன்று, பனிக்கட்டிபோல் பளபளக்கும் கட்டி ஒன்று. கட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதைப் போட்டால் 100 கிராமுக்குப் பதில் 270 கிராம் ஆகும்.

உப்பிலும் கல் உப்பைவிடத் தூள் உப்பு நல்லது. கல் உப்பில் கூடவே வரும் கால்சியமும் மக்னீசியமும் சோடாவோடு சேர்ந்து வெள்ளை மாவாகப் படியும், நிறம் மங்கும். போர் தண்ணீரிலும் அதே தொல்லைதான். வாளியின் அடியில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர் என்றால் சாயத்துக்கு ஆகாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வாரத்தில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் மார்கழிக்கும் இருக்கும். அதில் போட்ட பச்சையும் போரில் போட்ட பச்சையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது.

கடைசியில் அலசல். குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து முறை, பிறகு துணி பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு. பிணையாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் வெளியேறித் தண்ணீர் தெளிகிற வரை விடக் கூடாது. இதில் சோம்பினால் பொட்டலச் சாயத்தின் கதைதான். இந்த வழியின் உண்மையான செலவு சாயமல்ல, இந்த அலசல் தண்ணீரும் முதுகு வலியும். சிக்கனக்காரர்கள் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

நைலான் பேன்ட்டுக்கு இந்தச் சோடா வழி சரிவராது. நைலானுக்கு வேண்டியது புளிப்பு. பட்டுக்குப் போடுகிற அமிலச் சாயமும் வினிகரும்தான் வழி. சொன்னால் சிரிப்பீர்கள், கேசரிப் பவுடர்கூட நைலானில் வினிகரோடு ஏறும், அதிலுள்ள நிறமும் அந்த வகைதான். துவைக்கத் துவைக்க இறங்கிவிடும் என்பது வேறு விஷயம். சூடு இதற்கு வேண்டும், ஏறக்குறைய 80 டிகிரி, தளதளக்க விடாமல். அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டேன். இழுவை கொஞ்சம் குறைந்ததா என்றால், குறைந்ததுதான். நிறம் கெட்டியாக நின்றதற்கு அது கூலி. இந்த வகைச் சாயம் ஸ்பான்டெக்ஸிலும் ஓரளவு ஏறும் என்பதால் உள்ளே வெள்ளை மினுமினுப்பு அவ்வளவாக இல்லை. பேன்ட் புதிதாக, இறுக்கமாக இருந்தால் துணிந்து செய்யலாம். ஏற்கெனவே தொய்ந்ததென்றால் விட்டுவிடுங்கள்.

பாலியஸ்டருக்கு நான் ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டேன். ஆலையில் அதற்கு அழுத்தத்தில் 130 டிகிரி கொடுக்கிறார்கள், வீட்டு அடுப்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டு ஏற்றினால் இழுவை போய்விடும், ஆகவே வேண்டாம். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த டி-ஷர்ட் என்றால் குளிர்நீர்ச் சாயத்தில் பருத்திப் பங்கு மட்டும் நிறமேறிச் சாம்பல் பூத்த பச்சையாக வரும். எனக்கு அது பிடித்தே இருந்தது.

இயற்கைச் சாயம் என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகம். மஞ்சள் எளிது, மணமும் வரும். ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும். நடைப் பயணத்துக்கு உதவாது. சாயவேர்ச் சிவப்பு அழகு, படிகாரமும் கொதியும் கேட்கும், ஆகவே லெகிங்ஸுக்கு இல்லை. அவுரி நீலத்துக்குக் கொதி வேண்டாம், நல்ல பொருத்தம்தான். ஆனால் சுண்ணாம்பும் வெல்லமும் போட்டுத் தாழியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு லெகிங்ஸுக்காக அதைத் தொடங்க மாட்டேன். நான் செய்து பார்த்ததில் தேறியது கடுக்காய். கடுக்காய்ப் பொடி ஊறிய தண்ணீரில் துணியை ஒரு இரவு போட்டு, பிழிந்து, மறுநாள் அன்னபேதி என்ற இரும்பு உப்பு துளி கரைத்த தண்ணீரில் முக்கினால் கண்ணெதிரே புகைக் கறுப்பாக மாறும். அடுப்பே தேவையில்லை. அன்னபேதி கூடினால் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும், அதனால் கை அடக்கம் வேண்டும். பச்சை கேட்டவளுக்குச் சாம்பல் கிடைத்தது என்பதுதான் அதில் குறை.

எந்த வழியானாலும் நிறம் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. சாயம் வண்ணக் கண்ணாடி மாதிரி, கீழே உள்ளது மேலே தெரியும். மஞ்சளின் மேல் நீலம் போட்டால் பச்சை. வெள்ளையின் மேல் நேராகப் பச்சை. ரோஸின் மேல் பச்சை போட்டால் சேற்று நிறம். அதனால் ரோஸைப் பச்சைக் கூட்டத்தில் சேர்க்காமல் சிவப்புப் போட்டு அரக்காக்கிவிட்டேன், கண்டாங்கி நிறம், எந்த டாப்புக்கும் போகும். பழைய நிறத்தை முதலில் வெளுக்கலாமே என்று ப்ளீச் பாட்டிலை எடுக்காதீர்கள். குளோரின் பட்ட ஸ்பான்டெக்ஸ் மஞ்சளாகி, இழுவை செத்துப்போகும். கறுப்புக்கு ஆசைப்பட்டால் சாயம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், துணி எடையில் நூற்றுக்கு 6 முதல் 8. அப்போதும் முதல் முக்கில் கருநீலமாக நிற்பது உண்டு.

புதிதாக வாங்குவதையும் ஒரு வழியாகச் சேர்க்காவிட்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்காது. ஒரே ஒரு லெகிங்ஸ் என்றால் கடைக்குப் போய்ப் பச்சை ஒன்று வாங்கிவிடுங்கள். சாயம், உப்பு, சோடா, கையுறை எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு புது லெகிங்ஸ் விலை ஆனது. மூன்றுக்கு மேல் இருந்தால்தான் முக்குவதில் லாபம். அதுவும் இழுவை நன்றாக இருக்கிற துணிக்கு. தொய்ந்ததற்குச் சாயம் போடுவது, இற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது மாதிரி.

இடத்தைப் பற்றி ஒரு சொல். நான் முதல் முறை வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்தில் உட்கார்ந்து கலக்கினேன். ஆத்தங்குடிக் கல்லில் சொட்டிய நீலம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. சிமென்ட்டுக் கல் சாயத்தைக் குடித்துவிடும். அப்பத்தா அதன்மேல் ஒரு முக்காலியைப் போட்டு மறைத்திருக்கிறார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டவும் செய்கிறார்கள். கொல்லைப்புறத்தில், கிணற்றை விட்டுத் தள்ளி, பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள். அலுமினியச் சட்டி சோடாவுக்கு ஆகாது. எவர்சில்வர் ஆகும், எனாமலும் ஆகும். ஆனால் பர்மாவிலிருந்து வந்த எனாமல் சட்டி வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாயம் கலக்கிய பாத்திரம் மறுபடி அடுக்களைக்குள் போகக் கூடாது. பொடியைக் குழைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், காற்றில் பறக்கும் சாயப் பொடி மூச்சுக்கு ஒவ்வாமை தரும். உப்பும் சோடாவும் கலந்த மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், ஊருணிப் பக்கம் ஓடவிடவே விடாதீர்கள்.

இந்த வருஷம் மஞ்சள் இரண்டும் வெள்ளை இரண்டும் பச்சையாகிவிட்டன. ரோஸ் இரண்டு அரக்கு. பாலியஸ்டர் ஒன்று இருக்கிற நிறத்திலேயே வீட்டு வேலைக்கு. பச்சை நாலையும் துவைத்து வெள்ளைத் துண்டில் சுற்றி அழுத்திப் பார்த்தேன், துண்டில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒன்று மட்டும் நான் எதிர்பாராதது. தைத்த நூல் பாலியஸ்டர், அதில் சாயம் ஏறவே இல்லை. பச்சை லெகிங்ஸில் கால் நெடுக மஞ்சள் தையல் ஓடுகிறது. நாத்தனார் மகள் மாட்டிப் பார்த்துவிட்டு, “அத்தை, இது எந்தக் கடையில எடுத்தீங்க, பைப்பிங் வெச்சிருக்காங்களே” என்று கேட்டாள்.